வாப்பாவைப் பழித்தவரின் விண்ணப்பம் என் கையில். நான் விலகிவிடலாமா?

கேள்வி (புதிய பொறுப்பாளர்)

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பள்ளிவாசலின் ஜகாத் (கட்டாய தர்மம்) குழுவுக்கு இந்த வருடம் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கியதில்லை. ஜமாஅத் கூடி முடிவு செய்துவிட்டு வந்து சொன்னார்கள், மறுக்க முடியவில்லை. என்னோடு இன்னும் இருவர் இருக்கிறார்கள்.

மொத்தம் 41 விண்ணப்பங்கள். அதில் இரண்டு என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஒன்று என் அக்கா மகனுடையது. இன்னொன்று, எட்டு வருடங்களுக்கு முன் எல்லோரும் இருந்த கூட்டத்தில் எழுந்து, என் வாப்பா பள்ளிவாசல் கணக்கில் கை வைத்துவிட்டார் என்று சொன்னவருடையது. கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. அவரோ ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. வாப்பா அந்த வேதனையோடேயே மவுத்தானார்.

இப்போது அந்த மனிதர் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிறார், கடனும் இருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியானவர் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் நேற்று தாள்களை அடுக்கும்போது இரண்டு முறை அவருடையதை அடியில் வைத்திருக்கிறேன். வைத்த பிறகுதான் கவனித்தேன்.

இந்த மனதை வைத்துக்கொண்டு நான் இந்தப் பொறுப்பில் இருக்கலாமா?

பதில் (அமைதி நாடி)

விலகிவிடுங்கள் சகோதரரே. அபூதர் (ரலி) பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய தோளில் தட்டி, 'நீர் பலவீனமானவர், இது ஓர் அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பு), மறுமையில் இழிவும் கைசேதமும் ஆகும்' என்று சொன்னது ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஸஹாபிக்கே (நபித்தோழருக்கே) அப்படி என்றால் நாமெல்லாம் எந்த மூலை?

பதில் (ஓய்வு பெற்ற ஆசிரியை)

வஅலைக்கும் ஸலாம் தம்பி. மேலே சொன்ன ஹதீஸ் (நபிமொழி) அந்த இடத்தோடு முடியவில்லை. 'அதை உரிய முறையில் ஏற்று, அதில் தன் மீதுள்ள கடமையை நிறைவேற்றியவரைத் தவிர' என்று தொடர்கிறது. அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: பதவியைக் கேட்டுப் பெற்றால் அதனிடமே விடப்படுவீர், கேட்காமல் வந்தால் உதவி செய்யப்படுவீர். நீங்கள் கேட்கவில்லை. அந்த உதவியை நம்பி உட்காருங்கள்.

உங்கள் இரண்டு தாள்களுக்கும் குர்ஆனில் இரண்டு வசனங்கள் இருக்கின்றன. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்கிறது 4:135. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம், நீதி செய்யுங்கள், அதுவே தக்வாவுக்கு (இறையச்சத்துக்கு) நெருக்கமானது என்கிறது 5:8. அரபியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சொற்களோடு தொடங்குகின்றன, வரிசைதான் மாறுகிறது. பாசத்தால் சாய்கிறவனை ஒன்று பிடித்து நிறுத்துகிறது, பகையால் சாய்கிறவனை மற்றது. எந்த அளவுப் பகை என்று கேட்டால், அதே ஸூராவில் (அத்தியாயத்தில்) 5:2ஐப் பாருங்கள். மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் பள்ளிவாசலுக்குப் போகவிடாமல் தடுத்தவர்களைப் பற்றிய பேச்சு அது. அவர்கள் விஷயத்திலும் வரம்பு மீறாதீர்கள் என்றுதான் கட்டளை.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு தகப்பனார் என் மேல் பொய்ப் புகார் எழுதினார். அடுத்த மாதம் பேச்சுப் போட்டிக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய மகள்தான் பள்ளியிலேயே நன்றாகப் பேசுவாள். 'குரல் சன்னமாக இருக்கிறது, மேடையில் எடுபடாது' என்று சொல்லி வேறு பிள்ளையை அனுப்பினேன். அன்றைக்கு அதை உண்மை என்றே நம்பினேன். அது பகை என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது, அதற்குள் அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். இன்றைக்கும் துஆவில் அந்தப் பிள்ளை முகம் வரும். நீங்கள் இரண்டாவது தடவையே உங்கள் கையைப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. நீங்கள் எழுந்து போனால், தன் கையைக் கவனிக்காத ஒருவர்கூட அந்த இடத்துக்கு வரலாம்.

அக்கா மகன் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள், மற்ற இருவரும் முடிவு செய்யட்டும். நாலு பேர் பேசுவார்களே என்று பயந்து நீங்களே அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். தகுதியுள்ளவனுக்கு மறுப்பதும் அநீதிதான். ஆனால் அந்த மனிதருடைய விண்ணப்பம் வரும்போது எழுந்து போகாமல் உட்காருங்கள்.

பதில் (ஜமாஅத் ஊழியன்)

ஆசிரியை சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. கோபமாக இருக்கும்போது நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறது. பாசத்துக்காக வெளியே போகிறவர் கோபத்துக்காகவும் வெளியே போகலாமே. இரண்டு தாளையும் மற்றவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தலைவராகிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்கு அன்பளிப்பு வரத் தொடங்கும். ஜகாத் வசூலித்து வந்த ஒருவர் 'இது உங்களுக்கு, இது எனக்குத் தரப்பட்டது' என்றபோது, 'அவர் தன் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா' என்று நபியவர்கள் மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஏறியே கேட்டார்கள். முதல் பொட்டலத்தையே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பதில் (ஓய்வு பெற்ற ஆசிரியை)

நியாயமான பேச்சு. கோபத்தின் சூட்டோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சரிதான். ஆனால் இவருடையது எட்டு வருடத்துப் பழைய புண், அதை இவர் அறிந்தும் வைத்திருக்கிறார். மற்ற இருவரும் முதலில் தங்கள் கருத்தைச் சொல்லட்டும், இவர் கடைசியில் பேசட்டும். கலீஃபா உமர் (ரலி) தம் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரும் கடிதத்தில், முகத்திலும் சபையிலும் தீர்ப்பிலும் மக்களைச் சமமாக நடத்தச் சொல்கிறார். முகத்தை முதலில் சொல்கிறார், பாருங்கள். அந்த மனிதரோ அவர் வீட்டாரோ வந்து நிற்கும்போது தம்பியின் முகம் மற்ற 40 பேருக்கும் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதுதான் கஷ்டம்.

பதில் (புதிய பொறுப்பாளர்)

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். நான் விலகவில்லை. அக்கா மகன் தாளை மற்ற இருவரிடமும் கொடுத்துவிட்டேன். அந்த மனிதரைப் பற்றி என் மனதில் இருப்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். நான் சாய்ந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆசிரியை அக்கா சொன்னபடி நான் கடைசியில்தான் பேசுவேன். விண்ணப்பங்களை வந்த தேதிப்படி அடுக்கிவிட்டோம். அவருடையது 17ஆவது.