அயோடின் மாத்திரையை வீட்டில் வாங்கி வைக்கலாமா?

செண்பகா:
எங்கள் வீட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தொலைவில் அணுமின் நிலையம் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் என் நாத்தனார் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை நான்கு அட்டை அனுப்பியிருக்கிறார். விபத்து என்று காதில் விழுந்ததும் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டால் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாதாம். வீட்டில் ஆறு வயது மகள், முப்பத்தைந்தைத் தொடும் நாங்கள் இருவர், எழுபது கடந்த மாமியார். மாமியார் தைராய்டுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த அட்டைகளை என்ன செய்வது?

கதிரவன்:
உலை வெடித்தால் மாத்திரை தேடவா நேரம் இருக்கும்? தூக்கிப் போடுங்கள்.

பழைய பேட்ஜ்:
தூக்கிப் போட வேண்டாம், சகோதரி. ஆனால் நாத்தனார் சொன்னதில் பாதிக்கு மேல் தவறு. நான் ஓர் அணுமின் நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் படிகம் மெல்லிய ஒளி விடும். அதை அளந்து யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று கணக்கெழுதுவதே என் பிழைப்பு.

அந்த மாத்திரை ஒரே ஒரு பொருளுக்கு எதிராக ஒரே ஒரு உறுப்பைக் காக்கிறது. விபத்தில் வெளிவரும் அயோடின் 131 என்ற கதிரியக்க அயோடினைக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி நல்ல அயோடின் என்று நினைத்து உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரையால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கெட்டது உள்ளே நுழைய இடமிருக்காது. கதிரியக்க மேகம் வருவதற்குச் சற்று முன்னரோ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் முழுப் பயன்.

உக்ரைனின் செர்னோபில் அணு உலை 1986இல் வெடித்தபோது குழந்தைகளைக் கெடுத்தது பெரும்பாலும் பால். புல்லில் படிந்த அயோடினை மாடு தின்றது, பாலில் இறங்கியது, அதைக் குழந்தைகள் குடித்தார்கள். பல இடங்களில் பாலை யாரும் உடனே தடுக்கவில்லை. 2005க்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. பக்கத்து நாடான போலந்து சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசலைக் கொடுத்தது. அயோடின் 131இன் அரை ஆயுள் எட்டு நாள், அதாவது எட்டு நாளுக்கொருமுறை அது பாதியாகக் குறையும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை பாலில் கவனமாக இருந்தாலே பெரும்பகுதி தப்பும்.

அளவுக்கு வருகிறேன். மாத்திரை 130 மில்லிகிராம் என்றால் உங்கள் மகளுக்குப் பாதி, 65 என்றால் ஒன்று. உங்கள் இருவருக்கும் 130. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பயன் மிகக் குறைவு, பக்கவிளைவு அதிகம். மாமியாருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எவருமே அறிவிப்பு வரும் முன் போட்டுக்கொள்ளக் கூடாது.

புங்கமரம்:
ஐயா, அயோடினோடு முடித்துவிட்டீர்களே. விபத்தில் வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் 137 முப்பது ஆண்டு அரை ஆயுளோடு மண்ணில் கிடக்குமே, அதற்கு எந்த மாத்திரை? நிலையத்துக்காரர்கள் எப்போதும் "ஒன்றுமில்லை" என்பீர்கள். நாங்கள்தான் நிலத்தை விட்டுப் போக வேண்டும்.

பழைய பேட்ஜ்:
சீசியத்துக்கு இந்த மாத்திரை உதவாது. நிலத்தை விட்டுப் போவது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நானும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்து அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. நின்ற உலையும் சூடு விடும். குளிரூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்துக்கு வந்த சுனாமி, குளிரூட்ட மின்சாரம் தந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, மூன்று உலைகள் உருகின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். ஐ.நா. அறிவியல் குழு பொதுமக்களிடம் கதிர்வீச்சால் நேர்ந்த உடல்நலப் பாதிப்பு எதையும் உறுதிசெய்யவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து பஸ்ஸில் ஏற்றப்பட்ட முதியவர்கள் வழியிலேயே இறந்தார்கள். வெளியேற்றத்தோடும் அதன் அலைச்சலோடும் தொடர்புடையவை என்று அந்த மாநிலம் பதிவு செய்த மரணங்கள் இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டன.

இன்னொன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்த நிலையத்துக்கு அருகிலிருந்த நமியே நகரத்து மக்கள் கடற்கரையிலிருந்து மலைப்பக்கம் சுஷிமாவுக்கு ஓடினார்கள். கதிரியக்க மேகமும் காற்றோடு அதே பக்கம்தான் போனது. அது போகும் திசையைக் கணிக்கும் கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. கணிப்பு மக்களிடம் வரவில்லை. அயோடின் மாத்திரைகளும் பெரும்பாலும் கிடங்கிலேயே இருந்தன. மிஹாரு என்ற சிற்றூர் மட்டும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15 அன்று தானே முடிவெடுத்துக் கொடுத்தது.

"ஒன்றுமில்லை" என்ற பதிலை நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் நிலைய வாசலில் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி ஊளையிட, ஒரு தொழிலாளியை நிறுத்திவைத்தோம். அவர் நெஞ்சில் முந்தைய நாள் இதய ஸ்கேனுக்காக மருத்துவமனை ஏற்றிய கதிரியக்க மருந்து. நிலையத்தால் வந்தது அல்ல. வெளியில் வதந்தி பரவி தொலைபேசி ஓயவில்லை. உண்மையை இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம். மேலிடம் "ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றது; நானும் அப்படியே சொன்னேன். பிறகு உண்மையிலேயே ஒன்றும் இல்லாத நாட்களிலும் எங்களை யாரும் நம்பவில்லை.

சகோதரி, மாத்திரையை விட இரண்டு விஷயங்களை உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்: அவசரநிலை அறிவிப்பு எந்த வழியில் வரும், நீங்கள் எந்த முகாமுக்குப் போக வேண்டும். உடனே கிளம்பச் சொல்லாவிட்டால் கதவு சன்னலை மூடி உள்ளேயே இருங்கள்.

செண்பகா:
நன்றி, ஐயா. அட்டையைப் பார்த்தேன், 65 மில்லிகிராம். நான்கில் மூன்றுதான் அலமாரியில் இருந்தது. நான்காவது மாமியாரின் மாத்திரை டப்பாவில், காலை மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சத்து மாத்திரை என்று நினைத்தாராம். அந்த அட்டையில் இரண்டு மாத்திரை குறைகிறது. இப்போதே மருத்துவரைக் கூப்பிடுகிறேன்.