பல துறையினர் வரும் அறிவியல் கருத்தரங்கில் பேச அழைப்பு: எப்படித் தயாராவது?

நீந்தும்_செல்:
வணக்கம். பெங்களூரில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கிறேன். பாக்டீரியாவின் கீமோடாக்ஸிஸ், அதாவது வேதிப்பொருளின் செறிவை உணர்ந்து அது நகரும் விதம், என் ஆய்வு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பல்துறைக் கருத்தரங்கில் அக்டோபரில் பேச அழைத்திருக்கிறார்கள். மாலை 4 மணிக்கு, 60 நிமிடம், நேரிலும் ஜூமிலும். இயற்பியல், உயிரியல், கணினி, புள்ளியியல் என எல்லாத் துறையினரும் வருவார்களாம். மாநாட்டில் பேசிய 15 நிமிட ஸ்லைடுகள் இருக்கின்றன; அவற்றை நீட்டினால் போதுமா? இன்னொன்று: என்னிடம் இருப்பது பி-1/பி-2 (குறுகிய கால வணிக, சுற்றுலா) விசா. மதிப்பூதியம் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

அலைநீளம்:
நீட்டாதீர்கள், புதிதாகவே தயாரியுங்கள். மாநாட்டு உரை, கேட்பவருக்குப் பின்னணி தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்கும். இங்கே உங்கள் பின்னணி தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தாலே அதிகம். மற்றவர்களும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள்தான். விஷயத்தை நீர்த்துப்போகச் செய்தால் அவர்களுக்கும் பிடிக்காது.

60 நிமிடம் என்பதை 45 ஆகவே கணக்கிடுங்கள். அறிமுகம், மைக் மாட்டுவது, கேள்விகள் எல்லாம் மீதியில் போய்விடும். முதல் 10 நிமிடத்தில் ஒரு கலைச்சொல்கூட விளக்காமல் வரக்கூடாது. உங்கள் தலைப்புக்கு இது எளிது. ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) நீளம். நொடிக்கு 20 முதல் 30 மைக்ரான் நீந்தும். ஏறக்குறைய 1 நொடி நேராக ஓடும், 0.1 நொடி புரளும், பிறகு வேறு திசையில் ஓடும். உணவு கூடும் பக்கமாகப் போகும்போது அந்த ஓட்டம் கொஞ்சம் நீள்கிறது. 1972-இல் ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் செல்லைப் பின்தொடரும் நுண்ணோக்கி வைத்துக் காட்டியது இதைத்தான். ஒரு செல் நீந்தும் 10 நொடி வீடியோவை ஓடவிட்டு இதைச் சொன்னால், கணினிக்காரர் அதை ஒருபக்கம் சாய்ந்த தற்செயல் நடையாகப் புரிந்துகொள்வார். இயற்பியல்காரருக்கு ஒரு வரி கூடுதலாக வேண்டும்: அந்த அளவில் நீரின் பாகுத்தன்மைதான் எல்லாம், நீந்த உதவும் வால் போன்ற கசையிழை நின்றால் செல் ஓர் அணுவின் அகலம்கூடச் சறுக்கிப் போகாது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முடிவை எடுத்து முழுமையாகச் சொல்லுங்கள். உங்கள் எல்லாக் கட்டுரைகளையும் திணிக்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். சமன்பாடு ஒன்று போதும். ஒவ்வொரு குறியீட்டின் கீழும் அது என்ன, என்ன அலகு என்று எழுதுங்கள். ஆழமான பகுதிக்குள் நுழையும்போது "அடுத்த எட்டு நிமிடம் கணக்கு, அதன் பிறகு மறுபடி சோதனைக்கு வருவோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழி தவறியவர் எந்த இடத்தில் திரும்பச் சேரலாம் என்று தெரிந்தால் காத்திருப்பார். தெரியாவிட்டால் மடிக்கணினியைத் திறந்துவிடுவார்.

பிழைப்பட்டை:
மேலே சொன்னதோடு வரைபடங்களையும் கவனியுங்கள். பல்துறை அரங்கில் வீண் சண்டை கிளம்புவது பிழைப்பட்டையில்தான் (புள்ளியின் மேலும் கீழும் நீளும் கோடு). உயிரியலில் பலர் சராசரியின் திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்பதை)ப் போடுவார்கள், வேறு சிலர் திட்ட விலக்கத்தை (தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை). புள்ளியியல்காரர் 95% நம்பக இடைவெளியை எதிர்பார்ப்பார். நான்கு மாதிரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட விலக்கம் 1 என்றால் திட்டப் பிழை 0.5, நம்பக இடைவெளி இருபுறமும் சுமார் 1.6. ஒரே தரவுக்கு மூன்று நீளம்! எது என்று படத்திலேயே எழுதுங்கள், மாதிரி எண்ணிக்கையோடு. நான்கு என்பது நான்கு தனித்தனி வளர்ப்புகளா, ஒரே வளர்ப்பிலிருந்து எடுத்த நான்கு செல்களா என்பதையும் குறிப்பிடுங்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

ஒவ்வொரு வரைபடத்திலும் முதலில் இரண்டு அச்சுகளைச் சொல்லுங்கள், பிறகு ஒரு புள்ளியைத் தொட்டு அது என்ன என்று சொல்லுங்கள், கடைசியில்தான் போக்கு. மடக்கை (லாக்) அச்சாக இருந்தால் அதை வாயால் சொல்ல வேண்டும். நுண்ணோக்கிப் படங்களில் சிவப்பு-பச்சையை மாற்றி மெஜந்தா-பச்சை ஆக்குங்கள். ஆண்களில் கணிசமானவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் நிறக்குருடு உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கும் வசதி இருக்கிறது.

ஜூமும் இருப்பதால் லேசர் பாயிண்டர் வேண்டாம். அந்தப் புள்ளி ஜூமில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அரங்கில் புரொஜெக்டருக்குப் பதில் பெரிய டிவி இருந்தால் அங்கேயும் சரியாகத் தெரியாது. மவுஸ் அம்பைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வீடியோ இருக்கும் ஸ்லைடுக்கு, திரையைப் பகிரும்போதே வீடியோவுக்கான தேர்வை டிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் உங்கள் பாக்டீரியா தாவித் தாவி ஓடும். எச்.டி.எம்.ஐ. அடாப்டரை நீங்களே கொண்டுபோங்கள். பென்டிரைவில் பி.டி.எஃப். ஒன்று, வீடியோக்கள் தனியாக எம்.பி.4 கோப்புகளாக.

பெட்டி_படுக்கை:
பணம், பயணம் பற்றி. பி-1/பி-2 விசாவில் மதிப்பூதியம் வாங்கலாம், நிபந்தனையோடு. ஒரு நிறுவனத்தில் அந்தப் பணி 9 நாளைத் தாண்டக்கூடாது. முந்தைய 6 மாதத்தில் 5 நிறுவனங்களுக்கு மேல் இப்படிப் பெற்றிருக்கக்கூடாது. பல்கலைக்கழகங்களும் லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் இதில் அடங்கும், கம்பெனிகள் அடங்காது. அழைப்புக் கடிதத்தை அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள். போய் இறங்கியதும் ஐ-94 (அமெரிக்க வருகைப் பதிவு) ஆவணத்தை இணையத்திலிருந்து இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பிரிவில் கேட்பார்கள்.

மதிப்பூதியத்தில் வழக்கமாக 30% வரி பிடிப்பார்கள். வரி ஒப்பந்தப்படி விலக்குக் கேட்கப் படிவம் 8233 உண்டு, அதற்கு ஐ.டி.ஐ.என். போன்ற அமெரிக்க வரி எண் வேண்டும். அது கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சின்னத் தொகைக்குப் பலர் மெனக்கெடுவதில்லை. ரசீதோடு திருப்பித் தரும் பயணச் செலவு வேறு கணக்கு, அதற்கு வரி இல்லை.

டிக்கெட்டை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். அமெரிக்க அரசு மானியத்திலிருந்து பணம் வருகிறதென்றால் பொதுவாக அமெரிக்க விமான நிறுவனத்தின் விமான எண்ணில்தான் டிக்கெட் இருக்க வேண்டும்; வளைகுடா வழியாக மலிவாகக் கிடைத்ததை எடுத்தால் பணம் திரும்பாமல் போகலாம். அவர்களையே எடுக்கச் சொல்வது உத்தமம்.

அக்டோபரில் அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. முந்தின நாள் இரவு போய் இறங்கிப் பேசுவது கொடுமை. இரண்டு இரவுகள் முன்னதாகவே தங்க ஏற்பாடு கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. காலையிலிருந்து அரை மணிக்கு ஒருவர் என்று சந்திப்புகள் போடுவார்கள், 3.15 முதல் 4 வரை யாரையும் போடாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

நீந்தும்_செல்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கடைசிப் பகுதியில் நாங்கள் செய்த ஒரு நுண்பாய்மச் சில்லு (மிக நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தைச் செலுத்தும் சிறு கருவி) வருகிறது, இன்னும் எங்கும் வெளியிடவில்லை. உரையைப் பதிவுசெய்து யூடியூபில் போடுவார்களாம்.

அலைநீளம்:
காப்புரிமை எண்ணம் துளியாவது இருந்தால் பேசுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் சொல்லித் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஐரோப்பாவில், பொதுவில் சொன்ன பிறகு விண்ணப்பித்தால் புதுமை போனதாகவே கணக்கு. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. இந்தியாவில் விலக்குகள் மிகக் குறுகியவை. யூடியூபில் ஏற்றாவிட்டாலும், யாரும் வரக்கூடிய அரங்கில் பேசினாலே அது பொதுவில் சொன்னதுதான். விண்ணப்பம் அதற்குள் ஆகாவிட்டால் சில்லின் உள்வடிவத்தைக் காட்டாமல் அது தந்த தரவை மட்டும் காட்டுங்கள். பதிவைப் பொறுத்தவரை, "32-ஆம் நிமிடத்துக்குப் பின் வெட்டிவிடுங்கள்" என்று பிறகு கேட்டால் யாராவது மறந்துவிடுவார்கள். வெளியிடாத பகுதியைக் கடைசியில் வைத்து, அது தொடங்கும்போது பதிவை நிறுத்தச் சொல்லுங்கள்; ஒப்புதல் படிவத்திலும் அதை எழுதிக் கையெழுத்திடுங்கள்.