இரட்டை நிறை ஃப்ளைவீலுக்குப் பதிலாக ஒற்றை ஃப்ளைவீல் போடலாமா?

கேள்வி:
வணக்கம். 2,10,000 கிலோமீட்டர் ஓடிய என் டீசல் காரில், எஞ்சினை அணைக்கும் கணத்தில் கியர்பாக்ஸ் பக்கமிருந்து தடதடவென்று சத்தம் எழுகிறது. ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) அதிர்வும் கூடியிருக்கிறது. இரட்டை நிறை ஃப்ளைவீல் (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையில் சுழலும், வில்களால் இணைந்த இரு பகுதிகள் கொண்ட கனமான சக்கரம்) தேய்ந்துவிட்டதாகச் சொல்லும் மெக்கானிக், செலவைக் குறைக்க ஒற்றை ஃப்ளைவீலைப் பொருத்தலாம் என்கிறார். செய்யலாமா?

மறுமொழி 1:
முதலில் இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகங்களை) சோதியுங்கள். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் ஐடிலிங்கில் இதே அதிர்வு வரும். அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய ஃப்ளைவீலும் சீக்கிரமே கெடும்.

மறுமொழி 2:
டீசல் எஞ்சினின் ஒவ்வொரு எரிப்பிலும் எழும் முறுக்கதிர்வை, இரட்டை நிறை ஃப்ளைவீலின் இரண்டு நிறைகளுக்கும் இடையிலுள்ள வளைந்த சுருள்வில்கள் உள்வாங்குகின்றன. ஒற்றை ஃப்ளைவீலில் அந்த வேலை கிளட்ச் தட்டின் சிறிய வில்களுக்கு மட்டுமே விடப்படுவதால், மிஞ்சும் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகும். காரை நெடுநாள் வைத்திருப்பதாக இருந்தால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கியர்பாக்ஸை இறக்கும் கூலியே பெரிது என்பதால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும் (பழையதையே முறுக்கிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு).

கேட்டவர்:
நன்றி. மூன்றாவது இன்ஜெக்டரில் கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்த பின் அதிர்வு குறைந்தாலும், அணைக்கும்போது எழும் சத்தம் அப்படியே இருப்பதால், இரட்டை நிறை ஃப்ளைவீலையே வாங்க முடிவு செய்துள்ளேன்.