ரைபிளின் உதையை என்னால் தாங்க முடிகிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

வேட்டைக்குப் பழகும் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். என்னிடம் இருப்பது .30-06 தோட்டா போடும் ரைபிள். ஸ்கோப்போடு சேர்த்து எட்டு பவுண்டு, 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு. கணக்குப் போட்டால், சுட்டதும் தோளில் இடிக்கும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 20 அடி-பவுண்டு வருகிறது. தோள் பெரிதாக வலிப்பதில்லை, அதனால் தாங்குகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவைச் சொருகிவிட்டார். விசையை அழுத்தினேன், ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். ஆனால் குழல் முனை இரண்டு விரல்கடை கீழே போனது, கண்ணும் மூடிக்கொண்டது. வெட்கமாகிவிட்டது! முதல் மூன்று குண்டுகள் சேர்ந்து விழுவதும் பத்தாவதுக்கு மேல் சிதறுவதும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மேசையில் உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் வளைந்து கொடுக்காது, உதை அதிகமாகத் தெரியும் என்பது சரி. ஆனால் நின்று சுட்டாலும் எனக்கு இதே கதைதான்.

என் சந்தேகம் இதுதான். உதையே தெரியாத சிறு தோட்டாவான .22 ரிம்ஃபயரில் கொஞ்ச நாள் பழகினால் இந்தத் திடுக்கிடல் போய்விடுமா, அல்லது .243 போல உதை பாதிகூட இல்லாத ஒன்றுக்கு இறங்குவதுதான் நல்லதா? தோளில் வைக்கும் கட்டையின் நீளம் எனக்குப் பொருந்தவில்லையோ என்றும் தோன்றுகிறது. கட்டையின் முனையில் ரப்பர் பட்டை மாற்றியவர்கள், ரைபிளின் எடை கூட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ‘ஆம்பளையா தாங்கு’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டது.