புதுப்பிப்பு: கம்பியைக் கூராக்கும்போது முனை பிளப்பது நின்றுவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் (கரி குறைந்த மென்மையான எஃகு) சதுரக் கம்பியை அடைகல்லில் (கொல்லர் சூடான இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து அடித்துக் கூராக நீட்டினால் முனை மீன் வாய் மாதிரி பிளக்கிறது, கம்பியும் சதுரம் போய்ச் சாய்சதுரமாகிறது.

பலன் தந்தது, முனையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்ன அண்ணனின் யோசனை. கம்பி நுனியை அடைகல்லின் எதிர்ப்பக்க ஓரத்தில் வைத்து, கைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, சுத்தியலையும் அதே அளவு சாய்த்து, முதலில் குட்டையாக, மொட்டையான கூர் ஒன்றை அடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பின்னோக்கி நகர்ந்து நீட்டவேண்டும். மேல்தோல் உள்பகுதியை முந்திக்கொண்டு நீள்வதால்தான் நுனியில் குழி விழுகிறது, அந்த மொட்டைக் கூர் அதைத் தடுத்துவிடுகிறது.

சாய்சதுரத்துக்கு: நீண்ட மூலைகள் மேலும் கீழுமாக நிற்கும்படி பிடித்து, நல்ல சூட்டில் மூலை மேலேயே அடித்தால் சதுரம் திரும்பிவிடும். அப்புறம் அடிக்கும்போது கம்பியைச் சரியாகக் கால் சுற்று (90 பாகை) மட்டும் திருப்புங்கள். உருண்டையாக வேண்டுமென்றால் சதுரம், எண்கோணம், கடைசியில்தான் வட்டம், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சூடு ரொம்ப முக்கியம். ஆரஞ்சு மஞ்சளில் அடித்து, மங்கிய சிவப்புக்கு வந்ததும் உலைக்குத் திருப்பிவிடுங்கள்.

எதிர்பாராத ஒன்று: சத்தத்தைக் குறைக்க அடைகல்லின் இடுப்பில் (நடுவில் ஒடுங்கிய பகுதியில்) இறுக்கிக் கட்டிய இரும்புச் சங்கிலி, காதைத் துளைத்த கிணுகிணுப்பை நன்றாகவே அடக்கிவிட்டது.