பெரியப்பாவின் மருத்துவ உயிலில் கைவைத்திருக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். மீளவே முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று பெரியப்பா எழுதி, இரண்டு சாட்சி, நோட்டரி கையெழுத்தோடு வைத்திருந்தார். (2023 உச்ச நீதிமன்றத் திருத்தத்துக்குப் பிறகு மாஜிஸ்திரேட் தேவையில்லையே.) இப்போது பார்த்தால், முடிவெடுக்க அவர் குறித்திருந்த அக்கா பெயரை அடித்து, வேறு மையில் இன்னொரு பெயர். பக்கத்தில் சுருக்கொப்பம்கூட இல்லை. நிலத்தகராறு உள்ள வீடு, கேட்கவா வேண்டும்!

போலி ஆவணத்துக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 336-ல் இரண்டு ஆண்டு வரை சிறை. உயில் என்றால் 338, 343 பிரிவுகளில் ஆயுள்வரை போகிறது. அது சொத்து உயிலுக்கு மட்டும்தானா, இதற்கும் பொருந்துமா? பெரியப்பா தெளிவாகத்தான் இருக்கிறார். புதிதாக எழுதிவிட்டால் பழையதன் மீதான புகார் நிற்குமா? வழக்கறிஞர்கள் யாராவது சொல்லுங்கள்.