வேகத்தின் மீது ஆசையும் உண்டு, ஓடுவதில் இன்பமும் வேண்டும்: இரண்டையும் எப்படிக் காப்பது?

மெல்லோட்டம் கேட்டது:

வணக்கம். சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக ஓடியும் மிதிவண்டி ஓட்டியும் வருகிறேன். போட்டிகளில் வெல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஜிபிஎஸ் கடிகாரம் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு முறையும் முந்தைய நேரத்தைக் குறைத்தாக வேண்டும் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சராசரி வேகம் குறைந்த நாளில், நன்றாக ஓடிய நிறைவுகூட மிஞ்சுவதில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாலோ, முன்னேறுகிறேனா என்று தெரியாமல் அதுவும் சலித்துவிடுகிறது. 10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதைக் கைவிடாமலே ஓட்டத்தின் இன்பத்தையும் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நெடுவழி எழுதியது:

உங்கள் இலக்குக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான வேகம் போதும். அந்த வேகத்தை எட்டுவதற்காக நாள்தோறும் அதே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. நெடுந்தூர விளையாட்டுகளில் முன்னணியில் உள்ளவர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்கள் தம் பயிற்சியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எளிய தீவிரத்திலேயே செய்வதைக் கண்டார். நம்மைப் போன்றவர்களோ, மெதுவாக ஓட வேண்டிய நாளில் ஆசையால் சற்று விரைந்தும், விரைய வேண்டிய நாளில் களைப்பால் சற்றுத் தளர்ந்தும், எல்லா நாட்களையும் ஒரே மாதிரியான நடுத்தரச் சிரமமாக மாற்றிக்கொள்கிறோம். அதில் இன்பமும் குறைவு, முன்னேற்றமும் குறைவு.

எனவே, கிளம்பும் முன்பே இன்றைய ஓட்டம் எதற்காக என்று முடிவு செய்துவிடுங்கள். எளிய ஓட்டம் என்றால், உடன் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற வேகமே அளவு. தனியாக ஓடினால் வாய்க்குள் ஏதேனும் சொல்லிப் பார்க்கலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓடி முடித்ததும் கடிகாரத்தைப் பார்க்கும் முன், எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதை ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த, 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்சச் சிரமம்) வரையிலான அளவுகோலில் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான இளையவர்களிடம் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும் வகையில் அவர் அதை அமைத்தார். சில வாரங்களில், அதே வேகம் முன்னைவிடச் சிறிய எண்ணில் அடங்குவது தெரியவரும்.

வேகம் வேண்டும் நாளில், 1930களில் ஸ்வீடன் பயிற்சியாளர் யோஸ்தா ஹோல்மர் உருவாக்கிய ஃபார்ட்லெக் முறையை முயன்று பாருங்கள். எதிரே தெரியும் மரம்வரை விரைவு, மூச்சு தணியும்வரை மெல்லோட்டம், பிறகு மனம் தேர்ந்தெடுக்கும் அடுத்த இலக்கு. கடுமையான பயிற்சிதான் என்றாலும் கணக்கு வழக்கு இல்லாததால் மனம் இறுகுவதில்லை.

காற்றெதிர் எழுதியது:

மிதிவண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் சராசரி வேகத்தை நம்பவே வேண்டாம். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்வதால், காற்று வீசாத சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து 30 கி.மீ. வேகத்துக்குச் செல்ல, காற்றுத் தடையை வெல்லும் பங்குக்கு மட்டும் ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும். எதிர்காற்று வீசும் நாளில் நீங்கள் செய்த உழைப்பு வேகக் கணக்கில் தெரியாது. அதைவிட முக்கியமாக, சராசரி குறைந்துவிடுமோ என்று சிவப்பு விளக்கைத் தாண்டத் தூண்டும் எண் நமக்குத் தேவையே இல்லை.

சவால் வேண்டும் என்பவர்களுக்கு, பிரெவே எனப்படும் நேர வரம்புள்ள நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்கள் பொருத்தமானவை. 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற தரவரிசை இல்லை. நின்று உண்டு இளைப்பாறவும் அந்தக் கணக்கில் இடமிருக்கிறது.

மறுபக்கம் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். சிலருக்கு முன்னேற்றமே இன்பம். அவர்களிடம் கடிகாரத்தைப் பிடுங்குவது நியாயமில்லை. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்றவர்களின் இயல்பான ஆர்வம் பின்னர் குறைந்தது. பாராட்டுப் பெற்றவர்களின் ஆர்வமோ கூடியது. கடிகாரம் காட்டும் எண்ணும் அப்படித்தான் என்பது என் கருத்து: நம் திறமையைப் பற்றிய செய்தியாக வந்தால் நல்லது, அன்றாடக் கூலியாகிவிட்டால் கெடுதல். ஆகவே மாதம் ஒருமுறை, ஒரே பாதையில், ஒரே இதயத்துடிப்பில் ஓடி நேரத்தைப் பாருங்கள். வெயில் கூடிய நாளில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும் என்பதால், தட்பவெப்பம் ஒத்த நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

மெல்லோட்டம் எழுதியது:

மாதாந்திர ஓட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். குழுவாகப் போகும்போது, எளிய நாளிலும் எல்லோரும் விரைந்துவிடுகிறார்களே, என்ன செய்வது?

நெடுவழி எழுதியது:

புறப்படும் முன்பே "இன்று எனக்கு எளிய நாள்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் ஓடுங்கள். உங்களோடு பின்தங்க ஒருவராவது கிடைப்பார். கிடைக்காவிட்டால் விரைவுப் பயிற்சியை அந்தக் குழுநாளுக்கு மாற்றிக்கொண்டு, எளிய ஓட்டங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.